மகள் கேட்ட கையெழுத்து

1

என் மகள் எனக்கு எழுதிய முதல் கடிதம் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கியிருந்தது. ஆங்கிலத்தில், மின்னஞ்சலில். அது வந்து சேர்ந்த நேரத்தில் அவள் பக்கத்து அறையில் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள்.

செம்பூரில் எங்கள் வீட்டுக் காலை எப்போதும் அவசரம்தான். நஸ்ரீன் அலுவலகத்துக்கு, என் மனைவி மைமூன் பள்ளிக்கூடத்துக்கு, நான் தாராவியில் இருக்கும் என் கணினி பழுதுபார்க்கும் கடைக்கு. கிளம்புவதற்கு முன் சாயாவோடு உட்கார்ந்து அஞ்சல் பார்ப்பது என் பழக்கம். அன்று அப்படித்தான் பார்த்தேன். அனுப்பியவர் பெயர் நஸ்ரீன் காசிம்.

“நஸ்ரீன், உன் பேர்ல எனக்கு ஒரு மெயில் வந்திருக்கு.”

“நான்தான் அனுப்பினேன் வாப்பா. எல்லாருக்கும் அதே டிராஃப்ட். பேரு மட்டும் மாறும்.”

“ஐயான்னு போட்டிருக்கே.”

“ஆபீஸ் மெயில்ல வாப்பான்னு போட முடியுமா? படிச்சுட்டு சைன் பண்ணி வைங்க. சாயங்காலம் பேசுவோம். மேரேகோ லேட் ஹோ ரஹா ஹை.”

காலணியை மாட்டிக்கொண்டே ஓடிவிட்டாள். நான் கடிதத்தைப் படித்தேன். அவள் வேலை பார்க்கும் நிறுவனம் தோல் வெட்டும் இயந்திரங்களைச் செய்து விற்கிறது. நான் எழுதிய ‘அடுக்கு’ என்ற மென்பொருளை அந்த இயந்திரத்தில் வைக்க அவர்களுக்கு விருப்பம். அதன் உரிமம் அவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது. உரிமத்தை மாற்றச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியவர்களில் முதல் பெயர் என்னுடையது என்பதால் முதலில் எனக்கு எழுதியிருக்கிறார்கள்.

சாயா ஆறிப்போனது. மைமூன் எட்டிப் பார்த்து, “என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. மக எனக்கு லெட்டர் போட்டிருக்கா” என்றேன்.

2

எங்கள் ஊர் மேலப்பாளையத்தில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு நான் பம்பாய்க்கு வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு, உள்ளூரில் வேலை கிடைக்காமல், தாராவியில் தோல்பை செய்யும் என் தாய்மாமாவிடம் வந்து சேர்ந்தேன். துபாய்க்கு விமானம் ஏறியவர்கள் பாடு தேவலை என்று நினைத்த காலம் அது. அவர்களுக்குப் பாஸ்போர்ட்டாவது இருந்தது. எனக்கு ரேஷன் அட்டை ஊரில், உடம்பு இங்கே. சிலிண்டர் வேண்டும் என்றால் முகவரிச் சான்று கேட்டார்கள், முகவரிச் சான்றுக்குப் போனால் சிலிண்டர் ரசீது கேட்டார்கள்.

பாஷையும் படுத்தியது. இந்தியில் ‘தோ’ என்றால் கொடு. ‘தோ’ என்றால் இரண்டு. “கேஞ்சி தோ” என்று கத்தரி கேட்ட பிகார்க்காரரிடம் இரண்டு கத்தரிகளை நீட்டினேன். பட்டறை முழுக்கச் சிரித்தது. வெகுநாள் வரைக்கும் என் பேரே அங்கே ‘தோ’ தான்.

மாமா கொஞ்சம் தைரியமான ஆள். அந்த வட்டாரத்தில் முதன்முதலாகக் கணினி வாங்கிப் பட்டறையில் வைத்தவர் அவர்தான். தோலின் மேல் பையின் துண்டுகளை எப்படி நெருக்கி வைத்து வெட்டினால் வீணாகாது என்று கணக்குப் போட்டுக் காட்டும் ஒரு மென்பொருளையும் விலை கொடுத்து வாங்கினார். தான் கைப்பட வரைந்திருந்த பை வடிவங்களை எல்லாம் அதற்குள் ஏற்றிவிட்டு, மூலையில் கிடந்த அட்டைகளைத் தூக்கி எறிந்தார்.

ஒரு ரமலான் மாதம். பெருநாளுக்கு முன் அனுப்ப வேண்டிய சரக்கு நிறைய இருந்தது. காலையில் கணினியைத் திறந்தால் ‘உங்கள் உரிமம் முடிந்துவிட்டது’ என்று வந்தது. விற்ற கம்பெனிக்குப் போன் செய்தால் அந்தப் பதிப்பை நிறுத்திவிட்டோம், புதியதை வாங்குங்கள் என்றார்கள். புதியதை வாங்கினாலும் பழைய வடிவங்கள் அதில் திறக்காது. மாமா திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவர் வரைந்தது அதற்குள்ளேயே இருக்கிறது. அவருக்கே காட்ட மாட்டேன் என்கிறது. கோபப்படக்கூட இல்லை. “என் கையெழுத்த எங்கிட்டயே காட்ட மாட்டேங்கான்” என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெருநாளுக்குச் சரக்கு போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடிந்து பட்டறை சும்மா கிடக்கும் மதியங்களில் நான் ‘அடுக்கை’ எழுத ஆரம்பித்தேன். ஓடத் தொடங்கியதும் அதை இணையத்தில் கட்டற்ற மென்பொருளாக வைத்தேன். யாரும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். நிபந்தனை ஒன்றுதான். மாற்றியதை இன்னொருவருக்குக் கொடுத்தால், மாற்றியதையும் அதே மாதிரி திறந்தே கொடுக்க வேண்டும். பூட்டக் கூடாது.

மெல்ல ஆட்கள் வந்தார்கள். மாட்டுங்காவில் வைதேகி மேடம், காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் கணினிப் பிரிவில் இருப்பவர், எழுத்துகள் திரையில் உடையாமல் வர வழி செய்து, மராத்தியிலும் இந்தியிலும் சொற்களைப் போட்டுக் கொடுத்தார். தமிழில் நான் எழுதியதையும் திருத்தினார். தோல் போதாமல் போனால் ‘தோலு பத்தாது, வேற எடுங்க’ என்று திரையில் வரும்படி நான் எழுதி வைத்திருந்தேன். அதை ‘தோல் போதுமானதாக இல்லை’ என்று மாற்றச் சொன்னார். “அந்தக் கணினி முன்னால நிக்கிறது எங்க ஆளுங்க மேடம்” என்றேன். விட்டுக்கொடுத்துவிட்டார்.

அப்புறம் எத்தியோப்பியாவிலிருந்து தெஸ்ஃபாயே. செருப்புப் பட்டறை வைத்திருக்கிறார். மாட்டுத் தோலில் உண்ணிக் கடியும் கொம்பு கீறிய தழும்பும் இருக்கும் அல்லவா, அந்த இடங்களை விலக்கித் துண்டுகளை வைக்கும் பகுதி அவர் எழுதி அனுப்பியது. அவரை நான் பார்த்ததில்லை. குரலைக்கூடக் கேட்டதில்லை. எங்கள் தாராவியில் இன்றைக்கு வெட்டப்படும் பல தோல்களில் அவருடைய கணக்கு இருக்கிறது.

3

நிறுவனத்தின் ஆட்கள் நஸ்ரீன் அங்கே சேருவதற்கு முன்பே என்னிடம் வந்தவர்கள்தான். மெஹ்ரா என்று ஒரு மேலாளர். நல்ல மனிதர், மெதுவாகப் பேசுவார். முதலில் பாராட்டினார். பிறகு ஆலோசகராக வாருங்கள் என்றார். பிறகு, இந்த நிபந்தனையைப் பார்த்து வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள் என்றார். நிபந்தனை இல்லாத வேறு உரிமங்களும் இருக்கின்றன, அவையும் கட்டற்றவைதான், அதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்றார். அது உண்மைதான். அப்படிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் அப்படிக் கொடுத்தால் யாரும் எடுத்துப் பூட்டிக்கொள்ளலாம். நான் ஒரு பூட்டைப் பார்த்துத்தானே எழுதவே ஆரம்பித்தேன்.

சட்டம் படித்து முடித்த நஸ்ரீனை அந்த நிறுவனம் உரிமங்களைக் கவனிக்கும் பிரிவில் எடுத்துக்கொண்டது. நேர்முகத்தில் எங்க வாப்பாவும் கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அன்று அவள் வந்து அதைச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சின்ன வயதில் என் கணினிப் பக்கமே வராத பிள்ளை. தமிழைப் பேசுவாள், பாதி இந்தி கலந்து. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். என்னைப் பற்றி வெளியே சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது அதே மகள்தான் படிவத்தோடு வந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் கடையை மூடிவிட்டு நேராக கிங்ஸ் சர்க்கிள் போனேன். வைதேகி மேடத்துக்கும் அதே கடிதம் வந்திருந்தது. எப்போதும் சந்திக்கும் ஹோட்டலில் காபி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“பொண்ணு அழகா எழுதியிருக்கா காசிம். இங்கிலீஷ் நன்னா இருக்கு” என்றார்.

“கையெழுத்து போடப் போறீங்களா மேடம்?”

அவர் கொஞ்ச நேரம் காபியை ஆற்றினார். “முப்பது வருஷமா ஆபீஸ்ல எழுதறேன். எல்லாம் கம்பெனியோடது. நாளைக்கு நான் ரிட்டயர் ஆனா, நான் எழுதினதை நானே திறந்து பார்க்க முடியாது. அது தப்புன்னு சொல்லலை, சம்பளம் வாங்கிண்டுதான் எழுதினேன். இது ஒண்ணுதான் அப்படி இல்லை. இதை எப்ப வேணும்னாலும் போய்ப் பார்க்கலாம். யார் வேணா பார்க்கலாம். அதை அப்படியே விட்டுடணும்னு தோணறது.”

“நஸ்ரீனுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகல.”

“தெரியும்” என்றார். “நான் மாட்டேன்னு எழுதிடறேன். நீங்க என்ன பண்ணினாலும் நான் கோச்சுக்க மாட்டேன். பொண்ணைப் பெத்தவர் நீங்க.”

அந்தக் கடைசி வாக்கியம் பஸ்ஸில் சயான் தாண்டும் வரைக்கும் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

4

வீட்டில் நஸ்ரீன் எனக்காகக் காத்திருந்தாள். சாப்பாடு முடிந்து தட்டை எடுக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

“சைன் பண்ணீங்களா?”

“இல்லம்மா. அது எனக்கு மட்டும் சொந்தமானதில்ல.”

“உங்க பார்ட் உங்களுதுதானே. அதுக்கு மட்டும் குடுங்க. மத்தவங்களை நான் கேட்டுக்கிறேன்.”

“எல்லாரும் ஒரு பேச்சை நம்பித்தான் எழுதிக் குடுத்தாங்க. அந்தப் பேச்சை முதல்ல சொன்னவன் நான். நானே மாத்தினா?”

“அந்த ஆளை நீங்க பார்த்ததே இல்லையே வாப்பா. ஆப்ரிக்கால எங்கேயோ இருக்காரு. நான் இங்க இருக்கேன், உங்க முன்னாடி.” குரல் உடைந்தது. “மெஹ்ரா சார் எல்லார் முன்னாடியும் சொன்னாரு, நஸ்ரீனோட ஃபாதர்தான், அவ பார்த்துக்குவான்னு. இப்ப நான் போய் என்ன சொல்லட்டும்? அடுத்த மாசம் என் கன்ஃபர்மேஷன். ஆப் சமஜ்தே கியூன் நஹீன்? ஏன் புரிஞ்சுக்க மாட்டேங்கறீங்க?”

மைமூன் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் தள்ளினாள். நஸ்ரீன் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உண்மையைச் சொல்கிறேன். அன்றைக்கு அந்தப் படிவத்தை மறுபடியும் திறந்தேன். கொள்கை என்று ஒன்று இருக்கலாம், ஆனால் பிள்ளை அழும்போது அது மிகவும் தூரத்தில் இருக்கிறது. தெஸ்ஃபாயே எனக்கு யார்? இவள் யார்? விரல் விசையின் மேலேயே இருந்தது. போடாமல் மூடினேன்.

மறுநாள் ஊரிலிருந்து காக்கா பேசினார். என் மூத்த அண்ணன். மைமூன் சொல்லியிருக்க வேண்டும்.

“ஏம்ல, மவ வேலைக்கு உலை வைக்கியாமே?”

“அப்படி இல்ல காக்கா.”

“பின்ன எப்படி? நீயாத்தான எழுதுன? சும்மாத்தான குடுத்துட்டு இருக்க? ஒருத்தன் வந்து மரியாதையாக் கேக்கான், குடுத்துட்டுப் போவியா, கூறு கெட்டவன்.”

நான் பேச்சை மாற்ற, பள்ளிவாசல் விஷயம் கேட்டேன். ஜமாஅத் நிர்வாகத்தில் அவரும் ஒருவர்.

“அத ஏன் கேக்க? கல்யாணத்துக்குச் சோறாக்குற தேக்சா எல்லாத்தையும் ஒரு காண்ட்ராக்டர் மொத்தமாக் கேக்கான். நான் பளபளன்னு வச்சிக்கிடுதேன், வேணுங்கவங்களுக்கு நானே வாடகைக்கு விடுதேங்கான். கமிட்டில ரெண்டு பேரு தலையாட்டுதானுவ. நான் ஒத்துக்கிடல.”

“ஏன் காக்கா? பளபளன்னுதான வச்சிருப்பான்.”

“என்னல பேசுத? தேக்சா ஒருத்தரு குடுத்தது, மூடி ஒருத்தரு, கரண்டி ஒருத்தரு. எடுக்கவன் கழுவிக் குடுக்கணும், ஒடுக்கு விழுந்தாத் தட்டிக் குடுக்கணும், அவ்வளவுதான் சட்டம். குடுத்தவங்க பாதிப் பேரு இப்ப உசிரோடயே இல்ல. யாரு சொல்லி இவன்கிட்ட தூக்கிக் குடுக்க? நாளைக்கு இல்லாதவன் வீட்டுக் கல்யாணத்துக்கு இவன் வாசல்ல போயா நிப்பான்?”

நான் சிரித்துவிட்டேன்.

“நீ எதுக்குச் சிரிக்க?” என்றார். பிறகு அவருக்கே என்னவோ பிடிபட்டதுபோல் குரல் தணிந்தது. “சரி, வையி. பிள்ளையத் திட்டாத” என்று சொல்லி வைத்துவிட்டார்.

5

ஞாயிற்றுக்கிழமை பீர் கூப்பிட்டான். மாமாவின் மகன், இப்போது பட்டறையை நடத்துபவன். தவணையில் வாங்கிய புதிய வெட்டும் இயந்திரம் ஏதோ சொல்லிக்கொண்டு நிற்கிறது, வந்து பார் என்றான். மைமூன் நஸ்ரீனையும் என்னோடு அனுப்பினாள். இரண்டு நாளாக அவள் என்னிடம் பேசவில்லை. மடிக்கணினிப் பையின் பிடி அறுந்திருந்தது, அதைத் தைக்கக் கொடுக்க வேண்டும் என்று சாக்கு.

தாராவிச் சந்தில் கதவுகளில் எல்லாம், இடித்துக் கட்டப்போவதாக அளக்க வந்த சர்வேக்காரர்கள் எழுதிவிட்டுப் போன எண்கள். நஸ்ரீன் எனக்கு முன்னால் நடந்தாள். சிறுவயதில் ஓடிய சந்து என்பதால் கால் தானாகவே சாக்கடை மூடிகளைத் தாண்டியது.

பட்டறையில் பாதி இடத்தை அந்த இயந்திரம் அடைத்திருந்தது. நஸ்ரீனின் நிறுவனத்துடையது. பெயரைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. “பீர் மாமா, இது எங்க மெஷின்” என்றாள்.

“உங்க மெஷினா? அப்ப நீயே கேளு, என்ன சொல்லுதுன்னு. எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியல” என்றான் பீர்.

நான் பின்பக்கம் குனிந்து வயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நஸ்ரீன் திரையின் முன் நின்றாள். எழுத்துக் கூட்டி வாசிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

“தோ... லு. தோலு. ப... த்... தா... து. தோலு பத்தாது. வே... ற...”

நின்றுவிட்டாள்.

நான் நிமிர்ந்தேன். அவள் திரையைப் பார்த்தபடியே மீதியை மனதுக்குள் வாசித்து முடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“வாப்பா, இது நீங்கதானே?”

நான் போய்ப் பார்த்தேன். நான்தான். எழுத்தின் நிறத்தை மாற்றியிருந்தார்கள், மேலே அவர்கள் சின்னத்தைப் போட்டிருந்தார்கள். துண்டுகள் தழும்பை விலக்கி உட்காரும் விதம்கூடத் தெஸ்ஃபாயே எழுதியதுதான். பீரிடம் இயந்திரத்தோடு வந்த காகிதங்களைக் கேட்டேன். ‘அடுக்கு’ என்ற சொல் எதிலும் இல்லை. அவர்கள் மாற்றியதை எங்கே போய் வாங்கிப் பார்க்கலாம் என்ற குறிப்பும் இல்லை.

“இன்னும் யூஸ் பண்ணலன்னு சொன்னாங்க” என்றாள் நஸ்ரீன். “ஃபைல்ல அப்படித்தான் இருக்கு. நான்தான் எழுதினேன். அவங்க சொன்னாங்க, நான் எழுதினேன்.”

பீர் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் வேறு தோலை எடுத்து விரித்தேன். இயந்திரம் ஓட ஆரம்பித்தது.

வரும் வழியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவள் கேட்டாள், “வாப்பா, என்னை எதுக்கு வேலைக்கு எடுத்தாங்க?”

“நீ நல்லாப் படிச்ச பிள்ளை, அதுக்கு.”

“நிஜமா?”

“எனக்குத் தெரியலம்மா” என்றேன். அதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன காலத்துக்குப் பிறகு அவள் அப்படிப் பிடித்தது அன்றுதான். அந்த வாரம் மெஹ்ரா என்னை நேரில் பேச அழைத்திருந்தார். “நீங்க வாங்க. நானும் இருப்பேன்” என்று மட்டும் சொன்னாள்.

6

கண்ணாடிச் சுவர் போட்ட அறை. மெஹ்ரா எழுந்து வந்து கை கொடுத்தார். இந்தியும் ஆங்கிலமுமாகப் பேச்சு நடந்தது. நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

உங்கள் பதிப்பு உங்களிடமே இருக்கும், யாரும் பறிக்கவில்லை, எங்களுக்கு மட்டும் ஒரு தனி அனுமதி என்றார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எல்லாம் மறந்துவிட்டு, தெஸ்ஃபாயேயைப் பற்றிச் சொன்னேன். அவர் தன் பகுதியை அனுப்பியபோது ஒரு கேள்விதான் கேட்டார், நாளைக்கு இதை யாராவது பூட்டி எனக்கே விற்பார்களா என்று. மாட்டார்கள் என்று நான் எழுதினேன். அந்தப் பதிலை மட்டும் என்னால் மாற்ற முடியாது என்றேன்.

“அவருடைய பகுதியை நாங்களே புதிதாக எழுதிக்கொள்ளலாம்.”

“எழுதுங்கள். முழுவதையுமே புதிதாக எழுதிக்கொண்டால் யாரிடமும் நீங்கள் கேட்க வேண்டியதே இல்லை. அது உங்கள் உரிமை.”

மெஹ்ரா பெருமூச்சு விட்டார். “நஸ்ரீன், நீ கொஞ்சம் எடுத்துச் சொல்” என்றார்.

அவள் முன்னால் இருந்த கோப்பைத் திறந்தாள்.

“சார், இந்தக் கோப்பில் ‘இந்த மென்பொருள் இதுவரை நம் பொருட்களில் பயன்படுத்தப்படவில்லை’ என்று நான் எழுதியிருக்கிறேன். அது தப்பு. ஞாயிற்றுக்கிழமை தாராவியில் நம் இயந்திரத்தில் அது ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். திருத்த வேண்டும்.”

“அது ‘அடுக்கு’தான் என்று எப்படித் தெரியும்? எல்லா நிரலும் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கும்.”

கைப்பேசியில் எடுத்த படத்தை அவர் முன் வைத்தாள். “இது தமிழ் சார். எங்கள் வீட்டுத் தமிழ். என் அப்பாவைத் தவிர வேறு யாரும் ஒரு இயந்திரத்தை இப்படிப் பேச வைக்க மாட்டார்கள்.”

மெஹ்ரா அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு முன்பே தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முகம் சிவந்திருந்தது. “எனக்குக் கொஞ்ச நாள் கொடுங்கள்” என்றார். என்னிடம் அல்ல, அவளிடம் சொன்னார்.

லிஃப்டில் இறங்கும்போது நஸ்ரீன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். “சாப்பிட்டியா?” என்று கேட்டேன்.

7

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் சண்டைக்கு வரவில்லை. எல்லாவற்றையும் புதிதாக எழுதுவதைவிட நிபந்தனைக்கு உட்படுவது எளிது என்று அவர்களுடைய வக்கீல்களே சொல்லியிருக்கிறார்கள் போல. மழைக்காலம் முடிவதற்குள், அவர்கள் ‘அடுக்கில்’ செய்த மாற்றங்களைத் திறந்து வெளியிட்டார்கள். தளத்தின் ஏதோ ஒரு மூலையில், தேடினால்தான் கிடைக்கும். ஆனால் வெளியிட்டார்கள். இயந்திரத்தோடு இப்போது ஒரு தாள் வருகிறது, அதில் எங்கள் பெயர்கள் இருக்கின்றன. தெஸ்ஃபாயேக்குப் படம் பிடித்து அனுப்பினேன். தன் பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டதாகப் பதில் எழுதினார்.

நஸ்ரீனை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. நிரந்தரக் கடிதம் மட்டும் வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார்கள். கூட்டங்களுக்கு அவளைக் கூப்பிடுவது குறைந்தது. ஒரு நாள் அவளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். சில மாதங்கள் வீட்டில் இருந்தாள். வீட்டில் இருந்த அந்த மாதங்கள் எனக்குச் சுலபமாக இல்லை. தட்டில் சோறு போடும்போதெல்லாம் என் உரிமம் அவள் வேலையைத் தின்றுவிட்டது என்று தோன்றும். இப்போது குர்லாவில் ஒரு வக்கீலம்மாவிடம் உதவியாளராக இருக்கிறாள். சம்பளம் குறைவு. ரயிலில் நின்றுகொண்டே போகிறாள்.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். “என் மேல கோவமா?”

“இருந்துச்சு” என்றாள். “உங்க மேல, மெஹ்ரா சார் மேல, அந்த எத்தியோப்பியாக்காரர் மேலகூட. இப்ப இல்லன்னு சொல்ல மாட்டேன். அப்பப்ப வருது. ஆனா அன்னைக்கு அந்த ரூம்ல நான் வாய மூடிட்டு இருந்திருந்தா இதைவிட கஷ்டமா இருந்திருக்கும்.”

போன வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. தொழுகை முடிந்து வந்து, நிறுவனம் வெளியிட்ட மாற்றங்களை ‘அடுக்கில்’ சேர்க்க உட்கார்ந்தேன். நல்ல வேலை. தோலின் படத்தை எடுத்ததும் ஓரங்களைக் கண்டுபிடிக்கும் வேகம் பலமடங்கு கூடியிருந்தது. எழுதியது அங்கே வேலை பார்க்கும் இரண்டு இளம் பொறியாளர்கள். பெயர்கள் உள்ளே இருந்தன. எழுதியவர்கள் பட்டியலில் தெஸ்ஃபாயேக்குக் கீழே அவர்கள் பெயரைச் சேர்த்தேன். அதற்கும் கீழே நஸ்ரீன் காசிம் என்று தட்டினேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

“என் பேரு எதுக்கு?”

“நீ இல்லன்னா இது வெளிய வந்திருக்குமா?”

அவள் என் தோளில் கை வைத்தாள்.

“நான் ஒரு லைன்கூட எழுதல வாப்பா. எழுதினவங்க பேரு மட்டும் போடுங்க. அதுதான் சரி.”

அவள் மறுபடியும் துணி மடிக்கப் போய்விட்டாள். அந்தப் பெயரை அழிக்கக் கை கொஞ்சம் தயங்கியது. அழித்தேன். மற்ற இரண்டு பெயர்களையும் வைத்து எல்லோருக்கும் போகும்படி அனுப்பினேன்.